டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்: மின்தடை மிகுந்த ஒரு தோட்டப்புற ஊரிலிருந்து மதிப்பீடு

லினக்ஸ் கணினியின் மின்விசையை அழுத்தியதிலிருந்து நுழைவுத் திரை தோன்றும் வரை கழியும் சில வினாடிகளுக்குள், இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல், கோப்புகள் அனைத்துக்கும் அடிப்படையான ரூட் கோப்பு முறைமையைத் தேடிக் கண்டுபிடித்து, சோதித்து, அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்தாக வேண்டும். லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன் இயங்குதளத்தில் அந்த இடைப்பட்ட வேலையைச் செய்யும் துவக்கப் பிம்பத்தை உருவாக்கித் தருவது இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் என்னும் மென்பொருள் தொகுப்பு. பெரும்பாலானோர் அது இருப்பதையே அறியாமல் பயன்படுத்துகிறார்கள்; அது தடுமாறும் நாளில்தான் கறுப்புத் திரையில் அதன் பெயரை முதன்முறையாகப் படிக்கிறார்கள். அந்தக் கறுப்புத் திரையை அடிக்கடி பார்க்க நேரும் ஒருவனாக, இத்தொகுப்பு எந்த அளவுக்கு நம்பத்தக்கது, எங்கே கவனம் தேவை என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் பழைய கூட்டரசுச் சாலையில் அமைந்த இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. இப்போது செம்பனை மிகுந்துவிட்டது. சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் எடை மேடை, கோயில் அலுவலகம், பிள்ளைகளுக்கான டியூஷன் நிலையம் ஆகிய இடங்களில் உள்ள பழைய மேசைக் கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. மாலையில் இடி இறங்கினால் மின்சாரம் போகும், வரும், மீண்டும் போகும். இப்படிப்பட்ட இடத்தில் துவக்கக் கருவி ஒன்றை மதிப்பிடும்போது, எத்தனை வினாடியில் கணினி எழுகிறது என்பதற்கு நான் இரண்டாம் இடமே தருவேன். எழ முடியாமல் போனால் ஏன் எழவில்லை என்பதை அருகில் நிற்பவரிடம் தெளிவாகச் சொல்கிறதா, அவர் கையாலேயே அதைச் சரிசெய்ய வழி விடுகிறதா என்பவையே என் முதல் அளவுகோல். அந்த அளவுகோலில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் உயர்ந்த மதிப்பெண் பெறுகிறது.

இந்தப் பிம்பம் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டெபியன் போன்ற பொதுப் பயன்பாட்டு இயங்குதளம் எந்தக் கணினியிலும் ஓட வேண்டியிருப்பதால், வன்தட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்கும் கோப்பு முறைமைகளுக்கும் உரிய டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு ஒன்றாக இணைக்கப்படாமல் தனித்தனி மாட்யூல்களாக ரூட் கோப்பு முறைமையில் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த ரூட் கோப்பு முறைமையைத் திறப்பதற்கே அவற்றுள் சில மாட்யூல்கள் வேண்டும்; வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்ட நிலை இது. ஆகவே தேவையான மாட்யூல்களையும் சில சிறு நிரல்களையும் சிபியோ எனப்படும் காப்பக வடிவில் சுருக்கி, கெர்னலின் பக்கத்திலேயே பூட் கோப்புறையில் வைக்கிறார்கள். கிரப் போன்ற பூட் ஏற்றி கெர்னலையும் இந்தக் காப்பகத்தையும் சேர்த்து நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் காப்பகத்தை நினைவகத்திலேயே விரித்து, அதனுள் இருக்கும் இனிட் என்னும் நிரலை முதல் செயல்முறையாக இயக்குகிறது. பழைய இனிட்ஆர்டி முறையில் நினைவகத்தில் ஒரு போலி வட்டு அமைத்து, அதன் மேல் ஒரு கோப்பு முறைமையை ஏற்றி, வேலை முடிந்ததும் பிவட்-ரூட் என்னும் கட்டளையால் இடம் மாற்ற வேண்டியிருந்தது. இன்றைய முறையில் போலி வட்டு தேவையில்லை. உண்மையான ரூட் கிடைத்தவுடன் நினைவகத்தில் விரித்தவை அழிக்கப்பட்டு, ரூட் அதே இடத்துக்கு நகர்த்தப்பட்டு, மற்றச் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்-டி அங்கிருந்து வேலையைத் தொடர்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று நிறுவப்படும் கணினிகளில் ரூட் எது என்பது வட்டின் பெயரால் குறிக்கப்படாமல், கோப்பு முறைமையின் யூயூஐடி என்னும் நீண்ட அடையாள எண்ணால் குறிக்கப்படுகிறது. இத்தகைய எண்களில் கெர்னல் தானாகப் புரிந்துகொள்வது, வட்டின் பிரிவான பார்ட்டிஷனின் அடையாள எண்ணை மட்டுமே. கோப்பு முறைமையின் அடையாள எண்ணைத் தேடி உரிய வட்டோடு பொருத்துவது துவக்கப் பிம்பத்தின் வேலை. பிம்பம் இல்லாமலோ பழுதாகியோ போனால் கெர்னல் கைவிரித்து நின்றுவிடுகிறது. அந்தக் கெர்னல் பேனிக் செய்தியில், இனம் தெரியாத சாதனத்தில் ரூட்டை ஏற்ற முடியவில்லை என்பதற்கு மேல் உதவும் விவரம் அதிகம் இருக்காது. அந்த நிலையில் விசைப்பலகையில் எதை அழுத்தினாலும் பயனில்லை.

இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் சிறப்பு, இதன் உள்ளமைப்பு முழுவதும் கட்டளைகளை வரிசையாக எழுதிய சாதாரண ஷெல் ஸ்கிரிப்டுகளால் ஆனது என்பதே. டெபியனின் நெகிழ்வட்டுக்காக 1990களின் நடுவில் புரூஸ் பெரென்ஸ் தொடங்கிய பிஸிபாக்ஸ் என்னும் சிறு கருவித் தொகுப்பே இன்றும் இந்தப் பிம்பத்துக்குள் அன்றாடக் கட்டளைகளைத் தருகிறது. பிம்பத்தின் இனிட் நிரலைத் திறந்து படித்தால், மேலிருந்து கீழாக நடப்பவற்றை வரிசையாகப் பின்தொடரலாம்: புராக், சிஸ், டெவ் ஆகிய கோப்புறைகள் ஏற்றப்படுகின்றன, பூட் ஏற்றி அனுப்பிய அளவுருக்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன, மாட்யூல்கள் ஏறுகின்றன, ரூட் வரும் வரை காத்திருப்பு நடக்கிறது, கோப்பு முறைமையின் பிழைகளைத் தேடும் ஃபெஸ்க் சோதனை முடிந்து ரூட் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றப்படுகிறது, பிறகு கட்டுப்பாடு கைமாறுகிறது. இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோப்புறை உண்டு. இனிட்-டாப், இனிட்-ப்ரீமவுண்ட், லோக்கல்-டாப், லோக்கல்-ப்ரீமவுண்ட், லோக்கல்-பாட்டம், இனிட்-பாட்டம் என்ற பெயர்களிலுள்ள அக்கோப்புறைகளில் நம் ஸ்கிரிப்டை வைத்தால், அது அந்தக் கட்டத்தில் இயங்கும். ஒரு கணினியைப் பார்க்கும் தொழிலாளிக்கு, தான் பராமரிக்கும் பொருளின் உட்பக்கம் இவ்வளவு வெளிப்படையாக இருப்பது பெரிய உதவி.

கோளாறு நேரும்போதும் இந்த வெளிப்படைத்தன்மை கைவிடுவதில்லை. ரூட் வட்டு கிடைக்கவில்லையென்றால், இத்தொகுப்பு இயல்பாக முப்பது வினாடி காத்திருந்துவிட்டு, காத்திருப்பைக் கைவிட்டதாகச் சொல்லி, வழக்கமான காரணங்களையும் திரையிலேயே எழுதிக் காட்டுகிறது: பூட் அளவுருக்களைச் சரிபார்க்கவும், ரூட்-டிலே என்ற காத்திருப்பு நேரம் போதுமா என்று பார்க்கவும், மாட்யூல் ஏதும் விடுபட்டதா என்று பார்க்கவும். பின்னர் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய ஒரு ஷெல்லைத் திறந்து தருகிறது. எடை மேடையிலிருந்து அழைப்பு வரும்போது, “அண்ணே, திரையில கடைசி வரி என்ன இருக்கு, அப்படியே படிங்க” என்று கேட்டால், “அலர்ட்டுன்னு போட்டு நீளமா ஒரு நம்பர் இருக்கு தம்பி, அதுக்கப்புறம் டஸ் நாட் எக்ஸிஸ்ட்டுன்னு முடியுது” என்று பதில் வருகிறது. அந்த ஒரு வரியே எனக்குப் போதுமானது. வட்டுச் சாதனங்களைப் பட்டியலிடும் சிறு கட்டளை ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொன்னால், வட்டே தெரியவில்லையா, அல்லது வட்டு தெரிந்து அடையாள எண் மட்டும் பொருந்தவில்லையா என்பது உடனே தெரிந்துவிடும். முன்னது கம்பி, வட்டு, தாய்ப்பலகையின் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்பு ஆகியவற்றின் சிக்கல். பின்னது அளவுருவின் சிக்கல். சில பழைய வன்தட்டுகள் மின்சாரம் வந்தபின் சுழலத் தொடங்கவே நேரம் எடுத்துக்கொள்ளும். அப்போது அந்த ஷெல்லில் எக்ஸிட் என்று தட்டினாலே தேடல் மீண்டும் நடந்து, கணினி தானாக எழுந்துவிடும். அத்தகைய கணினிக்கு ரூட்-டிலே அளவுருவைக் கூட்டி வைப்பது நிலையான தீர்வு.

இந்த ஷெல் கடவுச்சொல் கேட்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. டியூஷன் நிலையத்தில் ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் கிரப் பட்டியலில் பிரேக் என்ற அளவுருவைச் சேர்த்தால் முழு அதிகாரத்தோடு உள்ளே நுழைந்துவிடலாம். அங்கே கிரப்புக்குக் கடவுச்சொல் இட்டிருக்கிறேன். பேனிக் அளவுருவுக்கு ஒரு வினாடி எண்ணும் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால், ரூட் கிடைக்காதபோது ஷெல் திறக்காமல், அத்தனை வினாடி கழித்துக் கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறது. ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் திரும்பும் எடை மேடைக்கும் இதே ஏற்பாடு ஏற்றது. ஆனால் கோளாறைத் தேட உட்காரும்போது கிரப் பட்டியலில் அந்த அளவுருவை நீக்கிவிட்டுத் துவக்க வேண்டும். தேடுவதற்கு டீபக் என்ற அளவுருவும் உண்டு; இனிட் நிரல் செய்யும் ஒவ்வொரு அடியையும் ரன் கோப்புறைக்குள் ஒரு கோப்பில் பதிந்து வைக்கும். எல்லோரும் முதலில் கற்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

அமைப்புக் கோப்பில் மிக முக்கியமான ஒரு வரி உண்டு. எட்சி கோப்புறைக்குள் இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் என்னும் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற மாறிக்கு மோஸ்ட், டெப் என்ற மதிப்புகளில் ஒன்றைத் தரலாம். மோஸ்ட் என்றால் பெரும்பாலான வட்டு, யூஎஸ்பி, கோப்பு முறைமை டிரைவர்கள் அனைத்தும் பிம்பத்தில் சேரும். டெப் என்றால் பிம்பம் உருவாகும் நேரத்தில் இந்தக் கணினிக்கு எவை தேவையோ அவை மட்டும் சேரும். டெப் பிம்பம் சிறியது, சற்று விரைவானது. இணையத்தில் வேகக் குறிப்பு எழுதுவோர் அதைப் பரிந்துரைப்பதுண்டு. எங்கள் ஊர் நிலைமையில் அதை ஒருபோதும் ஏற்க முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

அதற்கான காரணத்தை விளக்க வேண்டும். பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையில் உள்ள சிறு வட்ட மின்கலம் தீர்ந்துபோயிருப்பது வழக்கம். மின்சாரம் முழுதாகத் துண்டிக்கப்பட்டால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து ஆலை அமைப்புக்குத் திரும்புகிறது. அவற்றுள் ஒன்று சாட்டா வட்டுகளின் இயங்குமுறை. ஏஎச்சிஐ முறையில் இருந்தது பழைய ஐடிஇ முறைக்கு மாறிவிடலாம். ஏஎச்சிஐ முறைக்கு ஒரு மாட்யூலும், இன்டெல் சில்லுகளின் ஐடிஇ முறைக்கு ஏடிஏ-பிக்ஸ் என்ற வேறொரு மாட்யூலும் தேவை. டெப் முறையில் உருவான பிம்பத்தில் முன்னது மட்டுமே இருக்கும். ஆகவே வட்டு பழுதில்லாமல் அங்கேயே இருந்தும், கெர்னலின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வட்டு போய்விட்டதென்று கருதிப் புதிதாக வாங்கியவர்களை நான் அறிவேன். மோஸ்ட் முறையில் இரண்டு மாட்யூல்களும் இருப்பதால் பயாஸ் எந்த முறைக்கு மாறினாலும் ரூட் கிடைத்துவிடுகிறது. அடையாள எண் மாறாததால் வட்டின் பெயர் மாறினாலும் பாதிப்பில்லை. தாய்ப்பலகை எரிந்துவிட்டால், அதன் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி அன்றைய வியாபாரத்தைத் தொடர முடிவதும் மோஸ்ட் முறையால்தான். இன்னும் ஒரு கண்ணி உண்டு: டெபியனை நிபுணர் முறையில் நிறுவும்போது, இலக்குக் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்திருந்தால், கான்ஃப்.டி கோப்புறையில் டிரைவர்-பாலிசி என்ற தனிக் கோப்பு உருவாகியிருக்கும். அது முதன்மைக் கோப்பில் எழுதியிருப்பதைச் செல்லாததாக்கிவிடும். முதன்மைக் கோப்பில் மோஸ்ட் என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் அதையும் திறந்து பார்த்துவிட வேண்டும். எல்எஸ்-இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளை பிம்பத்தின் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்பதைப் பட்டியலிட்டுக் காட்டும். அமைப்புக் கோப்புகளைவிட அந்தப் பட்டியலையே நம்ப வேண்டும்.

அடுத்தது, இத்தொகுப்பை நான் விரும்பக் காரணமான பயன்பாடு: ரூட்டை எழுத முடியாததாக்கி, அதன் மேல் தற்காலிக அடுக்கு ஒன்றை இடுவது. எக்ஸ்ட்-4 கோப்பு முறைமை, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் ஜர்னலால் மின்தடையைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும் என்றாலும், மின்சாரம் வந்து போய் வந்து போகும் மாலைகளில் அடிக்கடி சோதனையும் திருத்தமும் தேவைப்படும் நிலை ஏற்படும். சில சமயம் தானியங்கித் திருத்தம் போதாமல், கையால் ஃபெஸ்க் இயக்கச் சொல்லித் துவக்கம் நின்றுவிடும். ஃபெஸ்க்.ரிப்பேர் என்ற அளவுருவுக்கு யெஸ் என்று கொடுத்தால் கேள்வி கேட்காமல் திருத்திக்கொள்ளும். ஆனால் எழுதாத ரூட்டுக்குத் திருத்தமே தேவைப்படாது என்பது இன்னும் உறுதியான வழி. ஓவர்லே கோப்பு முறைமை 2014 இறுதியில் வெளியான 3.18ஆம் கெர்னலிலிருந்தே அதன் ஒரு பகுதியாக உள்ளது. கீழடுக்காக வட்டிலுள்ள ரூட், மேலடுக்காக நினைவகம் என்று இரண்டையும் சேர்த்தால், நிரல்கள் வழக்கம்போல எழுதிக்கொண்டிருக்கும். எழுதியவை யாவும் நினைவகத்தில் நின்று, மின்சாரம் போனதும் மறைந்துவிடும். வட்டு தொடப்படாமல் இருக்கும்.

இதைச் செய்ய லோக்கல்-பாட்டம் கோப்புறையில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வேண்டும். அந்தக் கட்டத்தில் ரூட் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். ஆனால் கட்டுப்பாடு இன்னும் கைமாறியிருக்காது. ஸ்கிரிப்ட் ஓவர்லே மாட்யூலை ஏற்றி, நினைவகத்தில் டெம்ப்எஃப்எஸ் என்னும் தற்காலிகக் கோப்பு முறைமை ஒன்றை அமைத்து, உண்மையான ரூட்டை வேறிடத்துக்கு நகர்த்தி, இரண்டையும் சேர்த்த அடுக்கை ரூட் இருந்த இடத்தில் வைக்கிறது. மேலடுக்கும் அதற்கான வேலைக் கோப்புறையும் ஒரே டெம்ப்எஃப்எஸ்ஸில் இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. இனிட்-பாட்டம் கட்டத்திலும் இதைச் செய்யலாம் என்றாலும், அங்கே சாதனங்களைக் கண்டறியும் யூடெவ் தன் வேலையை முடித்து டெவ் கோப்புறையைப் புதிய ரூட்டுக்குள் நகர்த்திவிடும் என்பதால், எது முதலில் இயங்குகிறது என்ற வரிசைச் சிக்கல் வரும். முந்திய கட்டத்திலேயே முடித்துவிடுவது தெளிவானது. பூட் அளவுருவில் நாம் தேர்ந்த ஒரு சொல் இருந்தால் எதுவும் செய்யாமல் விலகிக்கொள்ளும்படி ஸ்கிரிப்டில் எழுதிவிட வேண்டும். இற்றைப்படுத்த வேண்டிய நாளில் கிரப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்துத் துவக்கினால், கணினி வழக்கமான எழுதக்கூடிய ரூட்டோடு எழும்.

அந்த ஏற்பாட்டைச் செய்வோர் இரண்டு ஆபத்துகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, தானியங்கி இற்றைப்படுத்தலை நிறுத்தாமல் விடுவது. பூட் கோப்புறை தனிப் பார்ட்டிஷனாக இருந்தால், புதிய கெர்னலும் புதிய பிம்பமும் உண்மையான வட்டில் எழுதப்பட்டுவிடும்; அதற்குரிய மாட்யூல்களோ ரூட்டின் மேலடுக்கில், அதாவது நினைவகத்தில் மட்டும் இருக்கும். மறுதொடக்கத்துக்குப் பின் புதிய கெர்னல் எழுந்து, பிம்பத்தில் உள்ள மாட்யூல்களால் ரூட்டையும் ஏற்றிவிடும். ஆனால் வைஃபை, ஒலி, அச்சுப்பொறி என்று பிம்பத்தில் இல்லாத எதற்கும் மாட்யூல் கிடைக்காது. கணினி ஓடுகிறது, இணையம் மட்டும் இல்லை என்று புகார் வரும்போது இந்தக் காரணத்தை ஊகிப்பது எளிதன்று.

இரண்டாவது ஆபத்து இன்னும் கடுமையானது, பணம் சம்பந்தப்பட்டது. எடை மேடையில் குலைகளின் எடைப் பதிவுகள் மறையக் கூடாது என்பதால் அவற்றுக்குத் தனியாக எழுதக்கூடிய பார்ட்டிஷன் ஒன்று வைக்கப்படுகிறது. அந்தப் பார்ட்டிஷன் பழுதானாலும் கணினி எழட்டும் என்ற நல்ல எண்ணத்தில் ஏற்ற வேண்டிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஃபெயில் என்று எழுதினால், அது ஏறாத நாளில் எடைப் பதிவு நிரல் அதே பெயருள்ள வெற்றுக் கோப்புறையில் எழுதத் தொடங்கும். அந்தக் கோப்புறை ஓவர்லேயின் மேலடுக்கில், நினைவகத்தில் இருக்கிறது. நாள் முழுதும் லோரிகள் வந்துபோகும், ரசீதுகள் அச்சாகும், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மாலையில் மின்சாரம் போனால் அன்றைய பதிவு முழுவதும் மறைந்துவிடும். எனவே நிரலை இயக்கும் சிஸ்டம்-டி சேவைக் கோப்பில் ரிக்கொயர்ஸ்-மவுண்ட்ஸ்-ஃபார் என்ற வரியில் அந்தக் கோப்புறையைக் குறிப்பிட வேண்டும். பார்ட்டிஷன் ஏறாவிட்டால் நிரலும் தொடங்காது. எடை போட முடியவில்லை என்று காலையிலேயே தெரிந்துவிடுவது, மாலையில் தோட்டக்காரருக்குக் கணக்குக் காட்ட முடியாமல் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

குறைகளுக்கு வருகிறேன். ஸ்கிரிப்டுகளின் வரிசையைத் தீர்மானிக்கும் முறை புதியவர்களைத் தடுமாற வைக்கும். ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தனக்கு முன் எவை இயங்க வேண்டும் என்பதை ப்ரீரெக்ஸ் என்ற கேள்விக்கு விடையாகச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி பிம்பம் கட்டப்படும் நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே, ஸ்கிரிப்டை இயக்கிக் கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியைக் கண்டுகொண்டு உடனே வெளியேறும் பகுதியை ஸ்கிரிப்டின் தலையில் எழுதாவிட்டால், துவக்க நேரத்தில் நடக்க வேண்டிய, கோப்பு முறைமையை ஏற்றும் மவுண்ட் கட்டளைகள் வேலை நேரத்தில் நடந்துவிடக்கூடும். கையேட்டுப் பக்கத்தில் முன்மாதிரி ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துத் தொடங்குவதே பாதுகாப்பானது. இயக்க அனுமதி இல்லாத ஸ்கிரிப்ட் பிம்பத்தின் வேலையில் பங்கேற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இவ்வளவு முக்கியமான விதிகள் கையேட்டுப் பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில், ஒரே ஓட்டத்தில் படிக்கத்தக்க வழிகாட்டி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பூட் பார்ட்டிஷன் நிரம்புவது இன்னொரு தொல்லை. மோஸ்ட் முறையில் ஒவ்வொரு பிம்பமும் பல பத்து மெகாபைட் பிடிக்கும். பழைய கெர்னல்களை அகற்றாமல் விட்டால், சிறியதாக வைத்த பார்ட்டிஷனில் இடம் தீர்ந்து, பிம்பத்தைப் புதுப்பிக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை பாதியில் நிற்கும். நல்ல வேளையாக, அது புதிய பிம்பத்தை வேறு பெயரில் எழுதி முடித்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறது. ஆதலால் ஏற்கெனவே உள்ள பிம்பம் கெடுவதில்லை. ஆனால் அந்தத் தற்காலிகக் கோப்புக்கும் இடம் வேண்டும் என்பதால், புதிதாக நிறுவும்போதே பூட் பார்ட்டிஷனைத் தாராளமாக வைத்துவிடுவது நல்லது. நினைவகத்துக்குத் துணையாக வட்டில் வைக்கும் ஸ்வாப் பார்ட்டிஷனை நீக்கியோ மாற்றியோ இருந்தால், இல்லாத அந்த இடத்திலிருந்து உறக்க நிலையை மீட்கக் காத்திருந்து துவக்கம் அரை நிமிடம் தேங்கும். ரெஸ்யூம் மாறிக்கு நன் என்று கொடுத்துப் பிம்பத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களும் உண்டு. ஃபெடோரா வழி வந்த டிராகட், துவக்கப் பிம்பத்துக்குள்ளேயே சிஸ்டம்-டியை ஓடவிட்டு, சாதனங்கள் தென்படும் வரிசையில் வேலைகளை நடத்துகிறது; பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு, பிணையவழி ரூட் போன்ற சிக்கலான அமைப்புகளுக்கு அது தகுதியானது என்பதில் ஐயமில்லை. தோல்வியுற்றால் முழு அறிக்கை ஒன்றையும் கோப்பாக எழுதி வைக்கிறது. அந்த ஏற்பாடு இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸிலும் இருந்திருக்கலாம். ஆனால் அறிக்கையை யூஎஸ்பியில் எடுத்துப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால்தான் அதற்குப் பயன். திரையின் கடைசி வரியைத் தொலைபேசியில் படித்துச் சொல்பவரை நம்பி வேலை செய்யும் எனக்கு, டெபியனின் சுருக்கமான செய்தியே அதிகம் உதவுகிறது. ஆர்ச் லினக்ஸின் எம்கே-இனிட்-சிபியோ தூய்மையானது. ஆனால் இற்றைப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டிய ஓர் இயங்குதளத்தை இந்த ஊர்க் கணினிகளில் வைக்க நான் விரும்பவில்லை.

கோயில் அலுவலகக் கணினியில் நன்கொடைக் கணக்கும் உறுப்பினர் விவரங்களும் இருப்பதால் அதன் ரூட் முழுவதும் லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது. இதற்கு கிரிப்ட்செட்டப்-இனிட்ராம்எஃப்எஸ் என்ற துணைத் தொகுப்பை நிறுவி, குறியாக்கிய வட்டுகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்; கடவுச்சொல் கேட்பது, திறப்பது, தவறினால் மீண்டும் கேட்பது யாவும் துவக்கப் பிம்பத்திலேயே ஒழுங்காக நடக்கின்றன. கணக்கர் ஐயா காலையில் வந்து கடவுச்சொல்லைத் தட்டிய பின்பே கணினி எழும் என்பதில் அங்கே யாருக்கும் குறையில்லை. எடை மேடைக்கோ இது பொருந்தாது. இரவில் மின்சாரம் திரும்பும்போது கடவுச்சொல் தட்ட அங்கே ஆள் இருக்கமாட்டார். டிராப்பேர்-இனிட்ராம்எஃப்எஸ் என்ற மற்றொரு தொகுப்பு, துவக்கப் பிம்பத்துக்குள் சிறு எஸ்எஸ்எச் சேவையகத்தை ஓட்டி, தொலைவிலிருந்து கடவுச்சொல் தர வழி செய்கிறது. ஆனால் மின்தடைக்குப் பின் இணைய ரௌட்டரும் உடன் எழுந்திருக்க வேண்டும், கணினி கம்பிவழி இணைப்பில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மின்சாரம் வந்தபின்னும் இணையம் வரத் தாமதமாகும் நாள்கள் உண்டு என்பதால், எடை மேடையில் ரூட்டைத் திறந்தே விட்டு, ஓவர்லேயால் காத்து, பதிவுகளின் நகலை மட்டும் குறியாக்கம் செய்து வெளியே அனுப்பும் ஏற்பாட்டையே தேர்ந்தெடுத்தேன்.

கணினி வாங்க நினைப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான கெர்னலும் நிறுவியும் வழங்கப்படவில்லை. யாராவது பழைய கணினியை இலவசமாகத் தர முன்வந்தால், அது 64 பிட் செயலி உடையதா என்பதை முதலில் பார்த்து, தாய்ப்பலகையின் மின்கலத்தை மாற்றி, மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்படி பயாஸில் அமைத்து, அதன்பின் டெபியனை நிறுவுங்கள். டிரைவர் தேர்வு பற்றி நிறுவி கேட்டால், எல்லா டிரைவர்களையும் சேர்க்கும் பொதுத் தேர்வையே சொல்லுங்கள்.